முதலையின் இரத்தமும் பண்ணையின் கிருமியும்

சேற்று நீரில் கிடந்து ஒன்றையொன்று கடித்துக் குதறிக்கொண்டாலும் முதலையின் புண் சீழ்கூடப் பிடிக்காமல் ஆறிவிடுகிறதென்றும், அதன் இரத்தத்திலேயே கிருமிநாசினி இருப்பதால் பண்ணையில் சுகாதாரத்துக்காகச் செய்யும் செலவெல்லாம் வீண் என்றும் ஓர் அபிப்பிராயம் படித்தவர்களிடையேயும் பரவியிருக்கிறது.

இதில் பாதி உண்மைதான். அமெரிக்க அலிகேட்டரின் இரத்தச் சீரம் பலவகைப் பாக்டீரியாக்களைக் கொல்வதை லூசியானா ஆராய்ச்சியாளர்கள் நிரூபித்திருக்கிறார்கள். ஆனால் அது சோதனைக் குழாயில் நிகழ்ந்தது. 1995-இல் புளோரிடாவில் அடைத்து வளர்க்கப்பட்ட 74 ஆண் அலிகேட்டர்களில் 60, மூட்டும் நுரையீரலும் இருதய உறையும் அழற்சியுற்று மாண்டன, அல்லது கருணையால் கொல்லப்பட்டன. காரணம் மைக்கோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர். ஜிம்பாப்வேயின் நைல் முதலைப் பண்ணைகளில் மூட்டு வீக்கத்தை உண்டாக்கியதும் அதே குலத்தது. அந்த அதிசய இரத்தம் அவற்றின் உடம்பிலும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"காட்டில் பிழைக்கிறதே" என்பார்கள். காட்டில் அதற்கு வெயில் இருக்கிறது. ஊர்வன தம் உடற்சூட்டைத் தாமே உண்டாக்குவதில்லை. நோயுற்றால் சூடான இடத்தை நாடிச் சென்று காய்ச்சலைச் சம்பாதித்துக்கொள்கின்றன. 1975-இல் ஆராய்ச்சியாளர் க்ளூகரும் அவருடைய சகாக்களும் பாலைவன இகுவானாப் பல்லிகளுக்கு ஏரோமோனாஸ் ஹைட்ரோபிலா கிருமியைச் செலுத்தி, 34 முதல் 42 டிகிரி செல்சியஸ் வரையிலான வெவ்வேறு வெப்பங்களில் அடைத்து வைத்தபோது, வெப்பம் ஏற ஏறப் பிழைத்தவற்றின் தொகையும் ஏறிற்று. குளிர்ந்த சிமெண்டுத் தொட்டியில், வெயில் படும் கரையுமின்றி நெருக்கி அடைக்கப்பட்ட பிராணிக்கு அந்தச் சுதந்திரம் ஏது? அதன் நோயெதிர்ப்புச் சக்தியில் ஒரு பாதியைச் சூரியனிடமிருந்து அது கடன் வாங்குகிறது. கடன் கொடுப்பவனை மறைத்துவிட்டு, கடனாளியின் ஐசுவரியத்தைப் புகழ்வது என்ன நியாயமோ!

கிருமி வெளியிலிருந்துதான் வரும், வேலியைப் பலப்படுத்தினால் போதும் என்பது அடுத்த வாதம். புதிய பிராணிகளைத் தனியே வைத்துப் பார்ப்பது அவசியமே. ஆயினும் சால்மொனெல்லா ஆரோக்கியமான ஊர்வனவற்றின் குடலிலேயே வசிக்கிறது, ஏரோமோனாஸ் தொட்டி நீரிலேயே இருக்கிறது. குளிரும் நெரிசலும் பயமும் உடம்பைத் தளர்த்தும்வரை அவை பேசாமல் காத்திருக்கின்றன.

தீனியில் மருந்தைக் கலந்துவிடலாம் என்று கடைசியாகச் சொல்லுகிறார்கள். நோய் கண்ட முதலை முதலில் நிறுத்துவது தீனியைத்தான். மருந்து ஆரோக்கியமானவற்றின் வயிற்றுக்கே போய்ச் சேரும். மேலும் பெனிசிலின் கிருமியின் செல் சுவர் உருவாவதைத் தடுத்து வேலை செய்வது; மைக்கோபிளாஸ்மாவுக்கோ சுவரே இல்லை.