பூட்டை மாற்றினால் சாவி?

ஆவடியில் எனக்குத் தெரிந்த ஒரு வீடு. தகப்பனார் பட்டறைத் தொழிலாளி. மகள் கல்லூரியில் படிக்கிறாள். வீட்டில் பழைய விலைக்கு வாங்கிய ஒரு லேப்டாப் இருக்கிறது. அதில் ஓடுவது லினக்ஸ்.

உதவித்தொகை மனு அனுப்ப மறுநாள் கடைசி நாள். இரவில் அந்தப் பெண் லேப்டாப்பைப் புதிய பதிப்புக்கு மாற்றினாள். காலையில் பார்த்தால் எல்லாம் இருந்தது. வைஃபை மட்டும் இல்லை!

தகப்பனார் ரிப்பேர் கடைக்கு ஓடினார். "போர்டு போயிற்று. இரண்டாயிரம் ஆகும்" என்றார் கடைக்காரர்.

போர்டு போகவில்லை. நடந்தது வேறு.

கெர்னல் என்றால் என்ன?

லினக்ஸை 1991-ம் ஆண்டில் தொடங்கியவர் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ். அதன் அடிப்படைப் பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். வைஃபை, ஒலி, திரை ஆகியவற்றை இயக்க 'மாட்யூல்' என்ற சிறு துண்டுகள் அதில் சேரும். பெரும்பாலான துண்டுகள் கெர்னலோடு கூடவே வந்துவிடும். சில வைஃபை சில்லுகளுக்கு மட்டும் தனியாகச் சேர்க்க வேண்டும். வம்பு அங்கேதான்.

2023-ல் வந்த டெபியன் 12-ன் கெர்னல் 6.1. 2025-ல் வந்த டெபியன் 13-ன் கெர்னல் 6.12. முன்னதற்குச் செய்த துண்டு பின்னதில் ஏறாது. பூட்டை மாற்றிவிட்டுப் பழைய சாவியைப் போட்டால் திறக்குமா?

இதற்கும் வழி உண்டு. டெல் கம்பெனி என்ஜினீயர்கள் உண்டாக்கிய 'டி.கே.எம்.எஸ்.' என்ற ஏற்பாடு, புதுக் கெர்னல் வந்ததும் துண்டைத் தானே மறுபடி செய்துகொடுக்கும். ஆனால் அந்தக் கெர்னலின் 'ஹெடர்ஸ்' கோப்புகள் அதற்கு வேண்டும். லேப்டாப்பை விற்றவர் அவை தானாக வர வழி செய்யவில்லை. அரைகுறை வேலை! பழி விழுந்ததோ பெண்ணின் மேல்.

பழைய கெர்னல் காப்பாற்றியது

லேப்டாப்பை மறுபடி போட்டு, தொடக்கப் பட்டியலில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய்ப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தோம். வைஃபை வந்தது. பகலுக்குள் மனு போய்விட்டது. பிறகு ஹெடர்ஸை இறக்கினோம். புதுக் கெர்னலுக்கும் துண்டு தயாராயிற்று. செலவு காலணா இல்லை.

பழைய கெர்னலும் இல்லாவிட்டால்? செல்போனை யு.எஸ்.பி. கம்பியால் இணைத்து, அதன் இன்டர்நெட்டை வாங்கிக்கொள்ளலாம்.

"அப்டேட்டே செய்யாதீர்கள்" என்று சில கடைக்காரர்கள் சொல்கிறார்கள். இது தவறான யோசனை. திருடர் நுழையும் ஓட்டைகளை அடைப்பது அந்த அப்டேட்தான்.

நம் பக்கத்தில் லினக்ஸ் புதிதல்ல. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் காக்களூரில் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில், விண்டோஸுடன் சி-டாக் நிறுவனத்தின் 'பாஸ்' லினக்ஸும் தரப்பட்டது. எந்திரம் வீடு தேடி வந்தது. பராமரிக்கும் வித்தை வந்ததா? அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் லேப்டாப் விற்பவர்கள், எந்தெந்த மாட்யூலைத் தனியாகச் சேர்த்தோம் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கட்டும். கொடுக்காவிட்டால் வாங்குபவர் கேட்கட்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கடைசி நாளுக்கு முந்தின இரவில் பதிப்பை மாற்றாதீர்கள். மாற்றிய பிறகு வைஃபை, ஒலி, திரை மூன்றையும் பாருங்கள். அதற்கு முன் 'ஆட்டோரிமூவ்' கட்டளை கொடுத்துப் பழைய கெர்னலை அழித்துவிடாதீர்கள்.