படத்திற்கும் ‘வழி’ கூறுக

1954-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘அந்த நாள்’ என்னும் திரைப்படம் சப்பானிய இயக்குநர் குரோசாவாவின் ‘இராசோமோ’னினின்று (1950) திருடப்பெற்றதென்பார் ஒரு சாரார். வீணை பாலச்சந்தரின் உள்ளத்தில் முற்றும் புதிதாய் முளைத்ததென்பார் மற்றொரு சாரார். இவருட் பலர் இரு படங்களையும் ஒப்பவைத்துப் பார்த்தவரல்லர் என்பது அவர்தம் பேச்சினாலேயே விளங்கும். (படம் வெளிவந்த ஞான்று பார்த்தோர்க்கோ இக்கவலையே இல்லை. ஒரு பாட்டேனும் இல்லையே என்பதே அவர்தம் குறை! படமும் அன்று பொருளீட்டவில்லை.)

இராசோமோனில் ஒரு சாவினை நால்வர் நால்வகையாய்க் கூறுவர். அவருள் ஒருவன் இறந்தவனே. ஆவியாய் வந்து பேசுகின்றான். உண்மை இன்னதென்று இறுதிவரை துணியப்படாது. ‘அந்த நா’ளிலோ, 1943 அக்டோபரிற் சென்னையிற் சப்பானியர் குண்டு வீசியதையொட்டி, வானொலிப் பொறிஞன் இராசன் சுடப்பட்டுக் கிடக்கின்றான். ஐயுறப்பட்டோர் ஒவ்வொருவரும் பிறரைச் சுட்டுகின்றனர். முடிவில் உண்மை ஐயமற வெளிப்படுகின்றது: அவன் பகைவர்க்கு நாட்டைக் காட்டிக்கொடுத்தவன், அவன் உயிர் போனது மனைவி உசாவின் கைத்துமுக்கியால். கொண்ட கணவனா, பிறந்த நாடா என்று அப்பெண் படும் பாடு சப்பானியப் படத்தில் மருந்துக்கும் இல்லை. கொலையுண்டவரைப் பற்றிப் பலரை உசாவியறியும் அமைப்பு, அதே 1950-இல் அந்தோணி ஆசுக்குவித்து எடுத்த ஆங்கிலப் படமொன்றையே மிகுதியும் ஒக்கும். எனவே கூடு பிறர்வழி வந்தது. உயிர் பாலச்சந்தருடையது என்பேன்.

குரோசாவாவும் வெறுங்கையால் முழம் போட்டவரல்லர். அகுத்தகாவாவின் 1915, 1922-ஆம் ஆண்டுச் சிறுகதைகள் இரண்டே அவர்க்கு முதல். அகுத்தகாவாவோ பழஞ்சப்பானியக் கதைத்தொகுதியொன்றினின்று எடுத்தாண்டவர். இச்சங்கிலியில் யாரைக் கள்வரென்பது?

தொல்காப்பியர் நூலை முதலென்றும் வழியென்றும் பகுத்தார். தொகுத்தலும் விரித்தலும் மொழிபெயர்த்தலும் அவர்க்கு இழிவாகத் தோன்றவில்லை. ஆனால் நன்னூலார், பாயிரத்திற் கூறவேண்டுவன எட்டென வகுத்து, ஆசிரியன் பெயரையடுத்தே ‘வழி’யை வைத்தார். எவர் நூலைப் பின்பற்றினேன் என்பதைப் புலவன் மறைக்கலாகாது. நம் திரைப்படங்களுக்கோ பாயிரம் உண்டு, வழி இல்லை! ஒப்பனை செய்தார், உடை தைத்தார் பெயரெல்லாம் திரையில் ஓடுகின்றன. கதை வந்த வழி மட்டும் பெரும்பாலும் ஓடுவதில்லை. அந்த வெற்றிடத்திலேதான் திருட்டென்னும் பேச்சும் தற்பெருமையும் ஒருங்கே வளர்கின்றன.

வெளிநாட்டாரும் இதில் தூயரல்லர். குரோசாவாவின் ‘யோசிம்போ’வை (1961) இத்தாலியரான செர்கியோ இலியோனே இசைவு பெறாமல் தழுவி 1964-இற் படமெடுத்தார். சப்பானிய நிறுவனம் வழக்குத் தொடுத்தது; உலக வருவாயிற் பங்கு கொடுத்தே அவர்தம் தரப்பினர் அதனைத் தீர்த்துக்கொண்டனர்.