நடுக்கடலில் 'மக்கர்', கரையில் 'ஓ.கே.': வள்ளம் எஞ்சினில் ஒளிந்திருக்கும் கோளாறு

கரையில் கயிறை இழுத்தால் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகிறது. கடலில் ரெண்டு மணி நேரம் ஓடியதும் திணறி நின்று விடுகிறது. கொஞ்சம் ஆற விட்டால் மறுபடி ஓடுகிறது. அவுட்போர்டு எஞ்சின் மாட்டிய வள்ளங்களில் தொழிலுக்குப் போகிறவர்களுக்கு இந்தத் தலைவலி புதிதல்ல.

ஒரு நாள் பாடு போச்சு என்பதோடு இது முடியாது. பாக் ஜலசந்தி பக்கம் என்றால் நீரோட்டம் இழுத்துப் போய், 1974 ஒப்பந்தத்தில் போட்ட எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் விட்டுவிடும். 'எஞ்சின் பழுது' என்று சொன்னால் இலங்கை கடற்படை கேட்கவா போகிறது?

விசைப்படகுகளுக்காவது ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் ஓய்வு உண்டு. கிழக்குக் கடலோர நாட்டுப்படகு எஞ்சினுக்கு அந்த லீவும் கிடையாது.

கெட்டது ஒன்று, மாற்றுவது ஒன்று

மெக்கானிக் பார்க்கும்போது எஞ்சின் சமர்த்தாக ஓடும். 'எதுக்கும் சி.டி.ஐ. பெட்டியை மாத்திப் பார்ப்போம்' என்பார். பணம் காலி. அடுத்த வாரம் அதே கதை!

முதலில் சந்தேகப்பட வேண்டியது பெட்டியை அல்ல, உப்பை. இந்த எஞ்சின்களில் ஆஃப் பட்டனை அழுத்தினால், பிளக்குக்குப் போக வேண்டிய கரண்ட் எர்த்தில் இறங்கி எஞ்சின் நிற்கும். சுவிட்சுக்குள் உப்புத்தண்ணி புகுந்தால் யாரும் அழுத்தாமலே அந்த வேலை நடந்து விடும். காய்ந்ததும் தானாகச் சரியாகும். அப்புறம் கரையில் எப்படி கண்டுபிடிப்பது?

கரையோரத் தண்ணீரிலேயே சுவிட்ச் வயரை கழற்றி விட்டு ஓட்டிப் பார்க்கலாம். திணறல் போனால் சுவிட்ச்தான் வில்லன். ஆனால் அப்போது பட்டனை அழுத்தினாலும் எஞ்சின் நிற்காது. எண்ணெயை அடைத்தோ, சோக்கை இழுத்தோதான் நிறுத்தணும். சோதனை முடிந்ததும் வயரை மறக்காமல் மாட்டுங்கள். ஆள் தவறி விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்பு கயிறும் அந்த வயரை நம்பித்தான் இருக்கிறது.

சூட்டோடு அளக்கணும்

சுவிட்சில் குறை இல்லை, சூடானால் மட்டும் நிற்கிறது என்றால் காயிலைப் பாருங்கள். உள்ளே மெல்லிய கம்பி விட்டுப் போயிருந்தால், சூட்டில் விரிந்து தொடர்பு அறுந்து விடும். ஆறின பிறகு மீட்டர் வைத்தால் எல்லாம் சரி என்றே காட்டும்.

புதிய 4 ஸ்ட்ரோக் எஞ்சின்களில் சென்சார் தொல்லை வேறு. கனெக்டரில் பச்சை பூத்தால் சென்சார் தப்புக் கணக்கு சொல்லும். எஞ்சினும் அதை நம்பி வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். சென்சாருக்கு காசு கொடுக்கும் முன் கனெக்டரைப் பிரித்துப் பார்ப்பதில் செலவே இல்லை.

பேட்டரி உள்ள எஞ்சின் என்றால், செல்ஃப் அடிக்கும்போது எர்த் வயரின் ரெண்டு முனையிலும் மீட்டரை வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இணைப்பு அரித்து விட்டது என்று சந்தேகப்படலாம்.

எஞ்சின் வாங்க அரசு மானியம் தருகிறது, நல்லதுதான். ஆனால் மீட்டர் பிடித்து கோளாறு பார்க்கத் தெரிந்த ஆள் ஊருக்கு ஒருத்தராவது வேண்டாமா? மீன்வளத்துறை பயிற்சி தர நினைத்தால், வயரை முறுக்கி டேப் சுற்றும் பழக்கத்தில் இருந்தே ஆரம்பிக்கலாம். டேப்புக்குள் தேங்குகிற உப்புத்தண்ணிதான் செம்பைத் தின்கிறது.