ராஜாவின் சரக்கு தீர்ந்துவிட்டதா?



நம் பழைய மாணவர் வாட்ஸப் குழுவில் ரெண்டு நாளாக நடக்கும் சண்டையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். "இளையராஜாவின் சரக்கு தொண்ணூறுகளோடு தீர்ந்தது, 'நீதானே என் பொன்வசந்தம்' அதற்குச் சாட்சி" என்று ஒருவன் போட, வரிசையாகக் கைதட்டினீர்கள். எதிர்க்கட்சியோ "ராஜாவைக் குறை சொல்ல நீ யார்?" என்று வரிந்துகட்டியது. இரண்டு பக்கத்திலும் ஒருவர்கூட ஒரு பாட்டைக் குறிப்பிட்டு, இது இந்த இடத்தில் இப்படி இருக்கிறது என்று எழுதவில்லை. விடைத்தாளைப் பிரிக்காமலே மார்க் போட்டிருக்கிறீர்கள். இதையா உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன்?

நானும் யோக்கியன் இல்லை. 2012இல் பாட்டு வந்தபோது போன் ஸ்பீக்கரில், பின்னால் மிக்ஸி ஓட, ஒரே ஒருமுறை கேட்டேன். தபேலா எங்கே, புல்லாங்குழல் எங்கே என்று தேடினேன். "பழைய ராஜா இல்லை" என்று தீர்ப்பு எழுதி மூடிவிட்டேன். ஓய்வு பெற்ற பிறகுதான், மகள் வாங்கிக் கொடுத்த ஹெட்போனோடு காட்டாங்குளத்தூரில் ரயில் ஏறி, தாம்பரம் போவதற்குள் நாலைந்து பாட்டு என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். ஒரு வாரத்தில் என் தீர்ப்பு எனக்கே வெட்கமாகிவிட்டது.

'சற்று முன்பு' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ரம்யா அதில் அழுவதில்லை. அழுகையை அடக்கிக்கொண்டு பாடுகிறார். அவர் அடக்கியதையெல்லாம் பின்னால் வாத்தியங்கள் கொட்டுகின்றன. அதற்காகத்தான் புடாபெஸ்ட் கலைஞர்களை வைத்து வாசிக்க வைத்திருக்கிறார், ஆடம்பரத்துக்காக அல்ல. பாட்டெழுதிய நா.முத்துக்குமார் நம்ம காஞ்சிபுரத்துக்காரர். (அப்போது நாமும் காஞ்சிபுரம் மாவட்டம்தான்.) 41 வயதில் போய்ச் சேர்ந்தார், பாவம்.

'சாய்ந்து சாய்ந்து' பாட்டில் யுவன் குரல் தட்டையாக இருக்கிறது என்பது எல்லோரும் சொல்லும் குறை. இருக்கட்டுமே. தனக்குள் முணுமுணுக்கிற பையனின் பாட்டு அது. எஸ்.பி.பி. பாடியிருந்தால் பாட்டு இன்னும் அழகாக இருந்திருக்கும், பையன் காணாமல் போயிருப்பான். ஆனால் 'பெண்கள் என்றால்' எனக்கு இன்றுவரை ஒட்டவில்லை. அந்த ராக் கிதார் இரைச்சலுக்கு யுவனின் குரல் ஈடு கொடுக்கவில்லை. எட்டுப் பாட்டில் ஒன்று சறுக்கியது என்று சொன்னால் ராஜாவுக்கு ஒன்றும் குறைந்துவிடாது, பக்தர்களே.

சரி, எண்பதுகளுக்கு வருவோம். ஆண்டுக்கு 40 படங்களுக்கு மேல் இசையமைத்த காலம் உண்டு. படத்துக்கு ஐந்து பாட்டு என்றால் 200. அதில் எத்தனை இன்று உங்களுக்குப் பாட வரும்? முப்பது? மற்றதைக் காலம் சலித்துத் தள்ளிவிட்டது. சலித்தெடுத்த முப்பதைக் கையில் வைத்துக்கொண்டு, சலிக்காத எட்டோடு எடை போடுகிறீர்கள். இது எந்த ஊர் தராசு?

அந்த முப்பதையும் நீங்கள் தேடிப்போய்க் கேட்கவில்லை. டீக்கடையிலும் டவுன் பஸ்ஸிலும் கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கரிலும் அவை உங்களைத் தேடி வந்தன. நூறு முறை கேட்டதைப் 'பார்த்ததும் காதல்' என்கிறீர்கள்! புதுப் பாட்டுக்கு நீங்கள் கொடுத்தது முப்பது செகண்ட்.

1976இல் 'அன்னக்கிளி' வந்தபோது என் அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "எம்.எஸ்.வி.யோடு சினிமாப் பாட்டு முடிந்தது, இதெல்லாம் கிராமத்துத் தெருக்கூத்து" என்றார். இன்று அவர் குரலை உங்கள் பதிவுகளில் கேட்கிறேன்.

வெளிநாட்டிலும் இதே கதைதான் என்கிறான் என் அக்கா மகன், ராக் இசைப் பைத்தியம். ராஜா பிறந்த அதே 1943இல் பிறந்தவர் ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகர். 2023இல், எண்பது வயதில், பதினெட்டு ஆண்டுகள் கழித்துத் தம் குழுவோடு சொந்தப் பாடல்களில் புது ஆல்பம் கொண்டுவந்தார். உடனே 1972 ஆல்பத்தை எடுத்துவைத்துக்கொண்டு உதடு பிதுக்கினார்களாம். நம்மவர் 81 வயதில், 2025 மார்ச்சில், லண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றினார். அதற்கும் குழுவில் வாழ்த்து ஸ்டிக்கர்தான் பறந்தது. கேட்டவர் யார் என்று நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

வருகிற ஞாயிறு சாயங்காலம் வீட்டில்தான் இருப்பேன். ஸ்டேஷனிலிருந்து நடந்து வருகிற தூரம். எட்டுப் பாட்டையும் வரிசையாகப் போடுகிறேன். போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவேன், வகுப்பில் காமிக்ஸ் புத்தகம் பிடுங்கி வைத்தது போல. அப்புறம் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். அம்மா போண்டா போடுவதாகச் சொல்லியிருக்கிறார். எத்தனை பேர் என்று சனிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.