ஆளுக்கொரு நாள், லீவு மட்டும் கிடையாது

ஜனவரி பிறந்தால் எங்கள் அலுவலகத்தில் இரண்டு விஷயங்கள் தவறாமல் நடக்கும். காபி மெஷின் பழுதாகும், ஹெச்.ஆர். தலைவர் மேடையேறிக் 'கலாசாரக் காலண்டர்' வெளியிடுவார். "நம்ம காலண்டரில் எல்லாருக்கும் ஒரு நாள் உண்டு" என்பது அவருடைய முத்திரை வாக்கியம். ஒன்பது வருடமாகக் கேட்கிறேன். பழைய மாமல்லபுரம் சாலையில் எந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் இந்தக் காலண்டரின் ஒன்றுவிட்ட தம்பி ஒன்று லிஃப்ட் பக்கத்தில் தொங்குகிறது. இனியும் என்னால் கைதட்ட முடியாது.

இதற்கு அவர்கள் சொல்லும் முதல் நியாயம், ஒருவர் பண்பாட்டை மற்றவர் அறிந்துகொள்கிறோமாம். எதை அறிந்துகொண்டோம்? தீபாவளிப் பக்கத்தில் வரிசையாக அகல் விளக்கு. நம் ஊரில் விளக்கு வரிசை கார்த்திகைக்கு; தீபாவளி என்றால் விடியுமுன் எண்ணெய்க் குளியல், லேகியம், வெடி. படம் வடக்கிலிருந்து வந்தது, அப்படியே ஒட்டிவிட்டார்கள். ஏப்ரல் 14-க்கு 'தமிழ்ப் புத்தாண்டு' என்று ஒரே வரி. தை முதல் நாள்தான் புத்தாண்டு என்று 2008-இல் சட்டம் போட்டு, 2011-இல் அடுத்த ஆட்சி அதை ரத்து செய்த மாநிலம் இது. கேன்டீனில் அந்தப் பேச்சை எடுத்தால் இன்றும் சாம்பார் ஆறிப்போகும். அந்தச் சண்டை காலண்டரில் வராது. வருவது, 'இனிய புனித வெள்ளி!' என்ற வாழ்த்து, சிரிக்கும் மஞ்சள் முகத்தோடு. மும்மணி ஆராதனையில் சிலுவைப்பாட்டைத் தியானித்துக்கொண்டிருப்பவரின் போனில் அது வந்து விழுகிறது. முஹர்ரம் பத்தாம் நாளுக்கும் 'கொண்டாடுவோம்' தான். அது கர்பலாவில் நபியின் பேரர் ஹுசைன் கொல்லப்பட்ட நாளம்மா என்று சொன்னேன். "அப்போ எமோஜியை மட்டும் மாத்திடலாம் சார்" என்றது காலண்டர் தயாரிக்கும் ஹெச்.ஆர். பெண்.

இரண்டாவது, ஒற்றுமை வளர்ந்து வேலை பெருகுமாம். எத்னிக் டே அன்று மூன்று மணி வரை ஒட்டிக்கோ வேட்டியில் செல்ஃபி எடுத்தவர்களைக் கேளுங்கள்.

மூன்றாவதுதான் என் வயிற்றெரிச்சல். எல்லாருக்கும் ஒரு நாளாம்! 2025 மார்ச் 31, திங்கட்கிழமை, ரம்ஜான். நிதியாண்டின் கடைசி நாளும் அதுவே. அரசுக் கணக்குகளுக்காக வங்கிகளையே திறந்து வைக்கச் சொன்னது ரிசர்வ் வங்கி. எங்கள் கணக்குப் பிரிவு சும்மா விடுமா? பிறை தெரிந்தால்தான் பெருநாள் உறுதி என்றாலும், காலண்டரில் அந்தத் தேதி பச்சை எழுத்தில் மூன்று மாதமாகச் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. என் பக்கத்து மேசை பாய் லீவு கேட்டார். "இயர் எண்ட் ஆச்சே பாய், ரெண்டு மணி நேரம் பெர்மிஷன் எடுத்துக்கோங்க" என்றார் மேலாளர். அந்த மாதம் முழுக்க ரிவ்யூ மீட்டிங் மாலை ஆறு மணிக்கு. மார்ச் மாதம் சென்னையில் சூரியன் மறைவது ஆறு இருபதை ஒட்டி. பாய் மைக்கை அணைத்துவிட்டுப் பேரீச்சம்பழத்தை வாயில் போடுவார். கேள்வி சரியாக அப்போதுதான் அவரிடம் வரும். பெருநாளன்று தொழுகை முடித்துப் பத்தரைக்கு வந்தார். புதுச் சட்டை, அத்தர் வாசனை. மதியம் அவர் வீட்டிலிருந்து பிரியாணித் தூக்கு வந்தது. கணக்கை ஒரு கையால் சரிபார்த்துக்கொண்டே சாப்பிட்டோம். ஹெச்.ஆரிலிருந்து ஓடி வந்து படம் எடுத்தார்கள். அந்தப் படம்தான் 2026 காலண்டரின் மார்ச் பக்கம்.

சட்டம் இவர்களைவிட யோக்கியம். 1958-இல் வந்த தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தேசிய, பண்டிகை விடுமுறைகள்) சட்டம் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாளும், பண்டிகைகளுக்கு ஐந்து நாளும் எண்ணிக் கொடுக்கிறது. அந்த ஐந்து எவை என்பதில் தொழிலாளரோடும் கலந்து பேச வேண்டும். அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், இல்லையென்றால் அன்றைய சம்பளத்தோடு மாற்று விடுப்பு. எமோஜி பற்றி அதில் ஒரு பிரிவும் இல்லை.

கடைசியாக, 'செலவே இல்லாத நல்ல காரியம்' என்கிறார்கள். செலவு இல்லைதான். பொங்கல் பானை தெர்மாகோல். அடுப்பு மூட்டினால் ஃபயர் அலாரம் அடிக்கும் என்பதால் 'பொங்கலோ பொங்கல்' மட்டும் பொங்கியது. கோலப் போட்டி முடிந்து எல்லாரும் சீட்டுக்குத் திரும்பியதும், கான்ட்ராக்டில் வரும் ஹவுஸ்கீப்பிங் அக்கா ஒருவர் ஏழு கோலத்தையும் தனியாளாகக் கூட்டி அள்ளினார். அவர் எந்தப் பக்கத்துப் படத்திலும் இல்லை.

மத்திய அரசு ஊழியருக்கு ஆர்.எச். என்ற விருப்ப விடுமுறை வருடத்துக்கு இரண்டு நாள் உண்டு. நீளமான பட்டியல், வேண்டியதை அவரே எடுத்துக்கொள்வார். பலூன் கிடையாது, மேடை கிடையாது. இந்த ஜனவரியில் கைதட்டல் ஓய்ந்ததும் நான் எழுந்து, நமக்கும் அப்படி இரண்டு நாள் தரலாமே என்று கேட்டேன். மேடையில் கொஞ்ச நேரம் கூடிப் பேசினார்கள். பிறகு மைக் என் பக்கம் திரும்பியது.

"நல்ல யோசனை சார். ஆனா நம்ம லீவ் போர்ட்டல்ல அப்படி ஒரு ஆப்ஷன் இல்லையே."