ஏழையின் காலுக்கே கூடுதல் தீர்வை!

ஒரே கப்பலில் இரண்டு பெட்டிகள் அமெரிக்கத் துறைமுகத்தில் வந்து இறங்குகின்றன. ஒன்றில் கனவான்கள் அணியும் தோல் பூட்ஸ்; ஜோடி 100 டாலர். மற்றொன்றில் கூலிக்காரரின் பிள்ளை போட்டுக்கொள்ளும் ரப்பர் அடி வைத்த மலிவு கான்வாஸ் ஷூ; ஜோடி இரண்டரை டாலர். சுங்க இலாகா எதற்கு அதிக விகிதத்தில் தீர்வை போடும்?

பணக்காரனின் பூட்ஸுக்கு என்றுதான் நியாயபுத்தி உள்ள எவரும் நினைப்பார். அதுதான் இல்லை! ஆண்களின் தோல் பூட்ஸுகளில் பலவற்றுக்கு அடிப்படைத் தீர்வை நூற்றுக்கு எட்டரை. 3 டாலருக்கு மேற்படாத மலிவு ஷூக்கள் பலவற்றுக்கு நூற்றுக்கு 48! அதே ரக ஷூ 12 டாலருக்கு மேல் விலை பெற்றால் நூற்றுக்கு 20 போதும். விலை ஏற ஏற வரி இறங்குகிறது. விலை இறங்க இறங்க வரி ஏறுகிறது. இரண்டரை டாலர் ஷூவுக்கு வரி மட்டும் 1 டாலர் 20 சென்ட். அதன் மேல்தான் மொத்த வியாபாரியும் சில்லறை வியாபாரியும் தங்கள் லாபத்தை ஏற்றுகிறார்கள். 2025-இல் போட்ட கூடுதல் தீர்வைகள் இதில் சேராதவை.

இந்த அநியாயம் ரகம் பிரிப்பதில் ஒளிந்திருக்கிறது. உலக நாடுகளின் சுங்கப் பட்டியலில் காலணிகளுக்கு 64-வது அத்தியாயம். அமெரிக்கா 1989 முதல் இதைக் கையாளுகிறது. மேல்பாகத்தில் எந்தப் பொருள் அதிகப் பரப்பை மூடுகிறது, அடியில் எந்தப் பொருள் அதிகமாகத் தரையைத் தொடுகிறது என்று அளந்து ரகம் குறிப்பார்கள். முதல் ஆறு இலக்கங்கள்தான் எல்லா நாடுகளுக்கும் பொது. அதற்குப் பிறகு விலைவாரியாகக் கூறு போட்டதும், ஏழை தலையில் 48 வைத்ததும் வாஷிங்டன் சர்க்காரின் கைவேலை.

சட்டம் அறிந்த கம்பெனிகள் இதிலும் வழி கண்டன. ரப்பர் அடியில் மெல்லிய துணிப் பஞ்சை ஒட்டினார்கள். தரையைத் தொடுவது துணிதானே! நூற்றுக்கு முப்பத்தேழரை இருந்த வரி பன்னிரண்டரை ஆயிற்று. நாலு நாள் நடந்தால் பஞ்சு தேய்ந்து போகும். மிச்சமான வரி மட்டும் தேயாது. உறுதியற்ற துணியை அடிப்பாகமாகக் கணக்கிடலாகாது என்று 2011-இல் பட்டியலில் ஒரு குறிப்புச் சேர்த்தார்கள். ஆனால் அப்படிப்பட்ட ஷூக்களுக்கே தனி இனம் திறந்து, பழைய குறைந்த விகிதத்தையும் விட்டுவைத்தார்கள்!

"தொழிலாளியின் வேலையைக் காக்கத்தான் இந்த வரி" என்று ஒரு சமாதானம் சொல்லப்படுகிறது. சரித்திரத்தைப் பார்ப்போம். வந்த சரக்கின் விலையை விட்டுவிட்டு, அதுபோன்ற அமெரிக்கச் சரக்கின் விற்பனை விலை மேல் தீர்வை கணக்கிட 1922-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. 1933-இல் அது ரப்பர் அடி வைத்த கான்வாஸ் ஷூக்களின் மேல் பாய்ந்தது. 1979-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த முறையை ஒழித்தது. ஆனால் அதே பாரத்தை உயர்ந்த விகிதங்களாக மாற்றிப் பட்டியலிலேயே பதித்துவிட்டார்கள். இத்தனை காலம் காத்ததன் பலன் என்ன? இன்று அமெரிக்காவில் விற்கும் காலணிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேல் வெளிநாட்டுச் சரக்கு. கூலி குறைந்த நாடுகளைத் தேடி முதலாளிகள் போனார்கள். ஆலை போயிற்று, வேலை போயிற்று. வரி மட்டும் போகவில்லை!

இந்த வரியைக் குறைக்கும் மசோதா 2007-லும் அதன் பிறகும் அமெரிக்கக் காங்கிரஸில் வந்தது. சட்டமாகவில்லை.

நம் ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தைக்கும் தோல் பூட்ஸுகளும் அந்தத் துறைமுகங்களில் இறங்குகின்றன. அங்கே எழுதும் ஒரு வரி இங்கே ஒரு தையல்காரரின் வேலையைத் தொடும். ஆகவே இது யாருக்கோ நடக்கும் சங்கதி அல்ல.

கடையில் விலை கேட்கும்போது வரி கண்ணுக்குத் தெரிவதில்லை. சம்பளத்தில் பிடித்தால் தெரியும். செருப்பில் பிடித்தால் தெரியாது. அதனால்தான் அங்கே பிடிக்கிறார்கள். எந்த நாட்டிலானாலும், வரி என்று வந்தால் உழைப்பாளி முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதை யார் கொடுக்கிறார்கள்? வெறுங்காலோடு நடப்பவனை விட்டுவிட்டு, வசதியோடு நடப்பவனிடம் வாங்கட்டும்!