கைடு வாங்கிக் கொடுத்தால் விஞ்ஞானம் வந்துவிடுமா?



போன மாதம் ஒரு உம்மா எனக்கு வட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினார். மகன் தரம் 8. சுகமில்லாமல் இரண்டு மாதமாக வீட்டில் இருக்கிறான். இன்னும் கொஞ்ச நாள் பாடசாலைக்கு அனுப்ப வேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் உம்மாவே வீட்டில் வைத்துப் படிப்பிக்கிறார். "டீச்சர், விஞ்ஞானத்துக்கு மேலதிகமா வாசிக்கப் புத்தகம் கேட்டுக் கடைக்குப் போனேன். இந்த நாலையும்தான் தந்தாங்க. இதுல எது நல்லம்?"

போட்டோவைப் பார்த்தேன். ஒன்று கடந்தகால வினாத்தாள். ஒன்று மாதிரி வினாத்தாள். ஒன்று சுருக்கக் குறிப்பு. மற்றது வினா விடை.

"நாலும் வேணாம். திருப்பிக் குடுக்க ஏலுமெண்டா குடுத்திருங்க" என்று பதில் போட்டேன்.

இதைக் கேட்டால் சிலருக்குக் கோபம் வரும். அதனால் காரணத்தை விளக்கமாகவே எழுதுகிறேன்.

மேலதிக வாசிப்பு என்றால் பாடப் புத்தகத்தில் இல்லாத ஏதாவது அதில் இருக்க வேண்டும். இந்த நாலிலும் பாடப் புத்தகத்தில் இருப்பதுகூட முழுசாக இல்லை. படத்தை எடுத்துவிட்டார்கள். செயற்பாட்டை எடுத்துவிட்டார்கள். "ஏன்" என்று கேட்ட இடத்தையெல்லாம் எடுத்துவிட்டு, கோடிட்ட இடத்தை நிரப்பும் வசனங்களை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறார்கள். 1980ஆம் ஆண்டிலிருந்து அரசாங்கம் இலவசமாகத் தரும் புத்தகத்தின் சக்கையைத்தான் நாம் காசு கொடுத்து வாங்குகிறோம்.

என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். ஒடுங்கல் என்றால் என்ன என்று கேட்டேன். பத்துக் கை உயர்ந்தது. "வாயு திரவமாக மாறுதல்." எல்லோருக்கும் சரி. பிறகு ஐஸ் போட்ட தண்ணீர்க் கிளாஸ் ஒன்றை மேசையில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் கிளாஸின் வெளிப்பக்கம் நனைந்தது. இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். வரைவிலக்கணத்தைப் பிழையில்லாமல் சொன்ன அதே பிள்ளை, "கிளாஸ் கசியுது டீச்சர்" என்றது.

அந்தப் பிள்ளையில் பிழை இல்லை. அந்தப் பிள்ளைக்குச் சுருக்கக் குறிப்பைப் போட்டோ கொப்பி அடித்துக் கொடுத்தது நான்தான். கலாசாலையில் செயற்பாட்டு முறைக் கற்பித்தல் என்று பக்கம் பக்கமாக எழுதிச் சித்தியடைந்துவிட்டு, வகுப்புக்கு வந்ததும் நானும் அதைத்தான் செய்தேன். ஆகவே இந்தப் பதிவில் முதல் குற்றவாளி நான். இரண்டாவதாகத்தான் நீங்கள்.

"டீச்சர், இதெல்லாம் கேட்க நல்லாத்தான் இருக்கு. ஓ.எல்.லில் ஏ எடுக்க வேணுமே?" என்பீர்கள். நியாயமான கேள்வி. வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பெறுபேறுதான் படிக்கட்டு. பரீட்சைக்கு ஒரு மாதம் முன்னால் வினாத்தாள் செய்து பழகட்டும், அதற்கு நானே உதவி செய்கிறேன். ஆனால் பரீட்சை எப்படிக் கேட்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? முதலாம் தாளில் 40 பல்தேர்வு. இரண்டாம் தாளைத் திறந்தால் பரிசோதனை அமைப்பின் படத்தைப் போட்டு விளக்கம் கேட்கிறார்கள். இலையில் மாப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையை எடுங்கள். அயடீன் விட்டால் கருநீலம் என்று கைடு படித்த எல்லோரும் எழுதுவார்கள். இலையை மதுசாரத்தில் போட்டு ஏன் நேரடியாகச் சூடாக்காமல் நீர்த்தொட்டியில் வைத்துச் சூடாக்குகிறோம் என்று கேட்டால் பேனை நின்றுவிடும். மதுசாரம் இலகுவில் தீப்பற்றும் என்பதை ஒரு தடவை கண்ணால் பார்த்த பிள்ளைக்கு அது கேள்வியே இல்லை. கைடை நம்பினால் பரீட்சையிலும் நமக்கு நட்டம்தான்.

இன்னொரு விஷயம். மேடை கிடைத்தால் இப்னுல் ஹைதமைப் பற்றிப் பேசாமல் நாம் இறங்குவதில்லை. 965 அளவில் பஸ்ராவில் பிறந்தவர், ஒளியியலின் முன்னோடி என்று பெருமையாகச் சொல்கிறோம். அவர் என்ன செய்தார்? கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் போய்த்தான் பொருளைப் பார்க்கிறோம் என்று யூக்லிட்டும் தொலமியும் சொல்லியிருந்ததை அப்படியே மனனம் செய்யவில்லை. இருட்டறையில் சின்னத் துவாரத்தால் வெளிச்சத்தை வரவிட்டுப் பார்த்தார். பொருளிலிருந்து ஒளி கண்ணுக்கு வருகிறது என்று 'கிதாபுல் மனாழிர்' நூலில் நிறுவினார். தொலமி மீதான சந்தேகங்கள் என்றே தனியாக ஒரு நூலும் எழுதினார். அவருடைய பெயரை மேடையில் சொல்லிவிட்டு, பிள்ளை ஒரு சந்தேகம் கேட்டால் "அது சிலபஸில் இல்லை, இரு" என்று சொல்கிற நாம் அவருடைய வாரிசுகளா?

சரி, அந்த உம்மாவுக்கு என்ன சொன்னேன்? உங்களுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் பாடப் புத்தகத்தையே திறக்கச் சொன்னேன். அதில் "செயற்பாடு" என்று பெட்டி போட்டிருக்கும் ஒவ்வொன்றையும் வீட்டுச் சாமானால் செய்ய வேண்டும். தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டியும் தமிழில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அது ஆசிரியருக்கு மட்டும் என்று சட்டம் இல்லை. உம்மாவும் வாசிக்கலாம்.

இரண்டாவது, வாசிக்கும் புத்தகம். பெரெல்மானின் 'பொழுதுபோக்கு பௌதிகம்' எங்கே கண்டாலும் விடாதீர்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' 1987 முதல் சிறுவர்களுக்காக வரும் விஞ்ஞான மாத இதழ், பழைய இதழ் கிடைத்தாலும் வாங்குங்கள். அரவிந்த் குப்தாவின் இணையத்தளத்தில் குப்பையிலிருந்து விளையாட்டுச் சாமான் செய்யும் முறைகள் படத்தோடு இலவசம். சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ் விஞ்ஞானக் கதைகள் இருக்கின்றன, அவையும் இலவசம்தான்.

மூன்றாவது ஒரு எச்சரிக்கை. இந்தியப் புத்தகத்தைக் கொடுத்தால் பிள்ளை முதல் பக்கத்திலேயே முழிக்கும். நமது ஒட்சிசன் அங்கே ஆக்சிஜன். காபனீரொட்சைட்டு அங்கே கார்பன் டை ஆக்சைடு. கலம் அங்கே செல். ஒளித்தொகுப்பு அங்கே ஒளிச்சேர்க்கை. ஆர்முடுகல் முடுக்கம், அமுக்கம் அழுத்தம், இரசாயனவியல் வேதியியல். "இது நம்மட சிலபஸ் இல்ல" என்று பெற்றோர் புத்தகத்தை மூடிவிடுவதற்குப் பெரிய காரணம் இதுதான். மூட வேண்டாம். கடைசி வெற்றுப் பக்கத்தில் இரண்டு நிரல் கோடு போட்டு, சொல் வரவர இரண்டு பெயரையும் பிள்ளையே எழுதட்டும். பரீட்சையில் நமது சொல்லைத்தான் எழுத வேண்டும் என்பதை மட்டும் சொல்லி வையுங்கள்.

பாடசாலையை விட்டுவிட்டு வீட்டில் படிப்பியுங்கள் என்று நான் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். 5 முதல் 16 வயது வரை பாடசாலைக் கல்வி கட்டாயம், அது நமக்கு நல்லதும்கூட. ஆனால் அஸருக்குப் பிறகும் விடுமுறையிலும் நோயிலும் பிள்ளை வீட்டில்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் கையில் என்ன கொடுக்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

இப்போது ஊருக்கு ஒரு கோரிக்கை. ஒவ்வொரு வருஷமும் தனவந்தர்களும் சங்கங்களும் ஓ.எல். பிள்ளைகளுக்கு வினாத்தாள் தொகுப்பு அச்சடித்துக் கொடுக்கிறீர்கள். அல்லாஹ் உங்கள் நிய்யத்தை ஏற்றுக்கொள்வானாக. பரீட்சை முடிந்த அடுத்த கிழமை அவற்றில் எத்தனை பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன என்பது உங்களுக்கும் தெரியும். இந்த வருஷம் அந்தக் காசில் பாதியை மட்டும் தாருங்கள். 30 நல்ல புத்தகம், ஒரு உருப்பெருக்கி வில்லை, ஒரு காந்தம், ஒரு வெப்பமானி. ஒரு பெட்டியில் போட்டு வீடு வீடாகச் சுற்றவிடுவோம், ஒரு வீட்டில் இரண்டு கிழமை. நூலகத்துக்குப் பின்னேரம் போய்வர முடியாத நமது பெண் பிள்ளைகளுக்கு அந்தப் பெட்டி வாசலுக்கே வரும். சொற்பட்டியலை நானும் என் சக ஆசிரியர்களும் தயாரித்து ஒவ்வொரு புத்தகத்திலும் ஒட்டித் தருகிறோம், இன்ஷா அல்லாஹ்.

போன வெள்ளிக்கிழமை அந்த மகன் குரல் பதிவு ஒன்று அனுப்பினான். பால்மா டின்னில் ஆணியால் துளை போட்டு, மறுபக்கம் எண்ணெய்த்தாள் கட்டி, போர்வையை மூடிக்கொண்டு பார்த்திருக்கிறான்.

"டீச்சர், எங்கட வாசல்ல நிக்கிற தென்னமரம் தலைகீழா தெரியுது. ஏன்?"

அவன் உம்மா வாங்கிய நாலு புத்தகத்திலும் இந்தக் கேள்வி இருக்கவில்லை.

பெட்டிக்குப் பங்களிக்க விரும்புகிறவர்கள் இன்பொக்ஸில் வாருங்கள். திட்ட விரும்புகிறவர்கள் கீழேயே திட்டலாம், வாசிக்கிறேன்.

வஸ்ஸலாம்.